காத்தாடி டீச்சரின் தப்புத் தாள்கள்

பட்டறை வாசலில் கிடக்கும் இரும்பு மேசைமேல் விடைத்தாள் கட்டைப் பிரித்துப் போட்டு, டீச்சர் அதைச் சீட்டுக்கட்டு மாதிரிக் கலைத்துக்கொண்டிருந்தார். மேலே இருந்ததை அடியில் செருகினார். நடுவிலிருந்து ஒரு கொத்தை உருவி மேலே போட்டார். அதுவும் போதாது என்று கட்டை இரண்டாகப் பிரித்து இடம் மாற்றினார். நான் ஒரு கேட்டுக்குக் கீல் வைத்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடமாக இந்தக் கூத்தைப் பார்க்கிறேன். தாளைத் திருத்தி எடுத்துவருகிற ஒவ்வொரு முறையும், பள்ளிக்கூட வாசலுக்கு நேர் எதிரே இருக்கிற என் பட்டறையில் கலைத்துவிட்டுத்தான் வகுப்புக்குப் போவார். முதல் தடவை, "இத வீட்லயே கலைச்சுட்டு வந்தா என்ன?" என்று கேட்டேன். "வர்ற வழியில நானே திரும்ப அடுக்கிருவேன். என் கை சும்மா இருக்காது பட்டறைக்காரரே" என்றார்.

எதற்குக் கலைக்கிறார் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. மதிப்பெண் வரிசைப்படி தாள் கொடுக்கிற வாத்தியார்கள்மேல் எனக்கு முப்பத்தைந்து வருடக் கோபம். ஏழாம் வகுப்பில் எங்களுக்கு ஒருவர் இருந்தார். முதல் மதிப்பெண்ணில் தொடங்கிப் பெயர் கூப்பிட்டுக்கொண்டே இறங்கி வருவார். முப்பதாவது பெயர் வந்ததும் வகுப்பில் சிரிப்பு தொடங்கும். கடைசி மூன்று பேருக்கு வந்ததும் பந்தயம் கட்டுவார்கள். என் பெயரை மட்டும் அவர் கூப்பிடவே மாட்டார். கையில் மிஞ்சிய ஒற்றைத் தாளை மேசைமேல் வைத்துவிட்டு, தூசி தட்டுவதுபோல் இரண்டு கையையும் தட்டிக்கொள்வார். நானாக எழுந்து போய் எடுத்துக்கொள்ள வேண்டும். முழு ஆண்டுத் தேர்வுத் தாளை நான் போய் எடுக்கவில்லை. அந்த வாரமே இரும்பு வேலைக்குப் போய்விட்டேன். கடைசியில் வந்தது நியாயமாகவே இருக்கலாம், நான் ஒன்றும் மேதை இல்லை. அதை நாற்பது பேர் சேர்ந்து எண்ணிக் காட்ட வேண்டுமா என்பதுதான் என் கேள்வி. அந்த ஆளைத் தேடிப் போய்க் கேட்கலாம் என்று பலமுறை கிளம்பியிருக்கிறேன். பிறகு அவர் இறந்துவிட்டதாகச் சொன்னார்கள். கோபம் மட்டும் என்னிடமே தங்கிவிட்டது.

அதனால்தான் இந்தக் கணக்கு டீச்சரை எனக்குப் பிடிக்கும். அவரோடு ஐந்து நிமிடம் நின்றால் தலை சுற்றும் என்பது வேறு விஷயம்.

வயது ஐம்பதைத் தொடும். ஒல்லியான உடம்பு. நடை, பின்னால் நாய் துரத்துவதுபோல இருக்கும். பிள்ளைகள் வைத்த பெயர் காத்தாடி டீச்சர். அது அவருக்கும் தெரியும். உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. வந்த புதிதில் முக்காலியை இழுத்துப் போட்டேன். அதைச் சுற்றிச் சுற்றி நடந்துகொண்டே பேசினார். "உக்காந்தா என் யோசனையும் கூடவே உக்காந்துருது" என்றார். மதிய உணவை டப்பாவைக் கையில் பிடித்தபடி நடந்துகொண்டே சாப்பிடுவார். டீயை ஒருநாளும் முழுதாகக் குடித்ததில்லை. பாதி டம்ளரை எங்காவது மதில்மேல், யாருடைய வண்டி சீட்டிலாவது வைத்துவிட்டுப் போய்விடுவார். "டீச்சர் எந்தப் பக்கம் போனாங்கன்னு யாரையும் கேக்க வேணாம், கிளாசப் பாத்துட்டே போனா போதும்" என்பார் டீக்கடைக்காரர். மாதம் ஒருமுறை செருப்பு வார் அறும். என்னிடம் வந்து கம்பி போட்டு முறுக்கச் சொல்வார். "தெரு முனையில செருப்பு தைக்கிறவர் இருக்காரே" என்றால், "அவரு உக்காரச் சொல்லுவாரு" என்பார்.

அவர் கணவர் தபால் அலுவலகத்தில் வேலை பார்க்கிறார், அமைதியான மனிதர். மாலையில் மனைவியைக் கூட்டிப்போக வந்தால் என் பட்டறையில்தான் காத்திருப்பார். "வீட்ல எப்பிடி சார்?" என்று ஒருநாள் விசாரித்தேன். "எங்க வீட்ல ஒரே எடத்துல நிக்கிற பொருள் ஃப்ரிட்ஜ் ஒண்ணுதாங்க" என்றார். சிரிக்காமல்தான் சொன்னார்.

டீச்சரிடம் குறையும் உண்டு. எதிராளி பேசி முடிக்கும்வரை பொறுக்க மாட்டார். நன்றாகப் படிக்கிற பிள்ளைகளைக் கண்டுகொள்வதே இல்லை. வகுப்பில் முதலாவதாக வருகிற பையனின் அம்மா ஒருநாள் என் கடை வாசலிலேயே அவரை மறித்தார். "எம்பையன் தொண்ணூத்தெட்டு டீச்சர். அந்த ரெண்டு மார்க்கு எங்க போச்சுன்னு ஒரு வார்த்த சொல்லக் கூடாதா?" டீச்சர் நிற்கக்கூட இல்லை. "தொண்ணூத்தெட்டு வாங்குற பிள்ளைக்கு நான் எதுக்கும்மா? நீங்களே போதும்" என்று சொல்லிக்கொண்டே போய்விட்டார். அந்த அம்மாவுக்கு முகம் விழுந்துவிட்டது. டீச்சர் செய்தது சரியில்லை என்றுதான் எனக்கும் பட்டது. அந்தப் பையனும் பிள்ளைதானே.

அவருக்கு வேண்டியதெல்லாம் தப்பு. தோளில் தொங்குகிற துணிப்பையில் பிளாஸ்டிக் உறைக்குள் பத்துப் பன்னிரண்டு விடைத்தாள் எப்போதும் இருக்கும், எல்லாம் தப்புப் போட்டவை. எதிரில் வருகிறவரை நிறுத்தி ஒன்றை உருவிக் காட்டுவார். "இது ஏன் இப்பிடி வந்துச்சு, சொல்லுங்க பாப்போம்." பஸ் கண்டக்டர், தையல்காரர், குடிநீர் வாரியத்தில் குழாய் திறக்கிறவர் என்று யாரையும் விட்டுவைப்பதில்லை. ஒரு பையன் கூட்டல் தெரிந்தும் பாதிக் கணக்கைத் தப்பாகவே போடுகிறான், எறும்பு ஊர்ந்ததுபோல எழுதி ஒன்றின்மேல் ஒன்று ஏறிவிடுகிறது. ஏன் என்று டீச்சர் இரண்டு மாதம் அலைந்தார். டீக்கடைக்காரர் தாளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "நோட்டு மிச்சம் புடிக்கிறான் டீச்சர். மறுபாதிய தம்பிக்குக் குடுக்கணும்ல" என்றார். அது உண்மைதான். ஒரு நோட்டு கொடுத்ததும் எண்கள் பெரிதாயின, கணக்கும் வந்தது.

"தப்பு சும்மா வராது பட்டறைக்காரரே. அதுக்கும் ஒரு அப்பா அம்மா உண்டு. தேடிப் பிடிக்கணும்" என்பார். இதை எத்தனை தடவை சொல்லியிருப்பார் என்று கணக்கில்லை. இதே வார்த்தையை வைத்து நான் ஒரு வம்பை இழுத்துவைப்பேன் என்று அப்போது தெரியாது.

பள்ளிக்கூட வாசலில் ஒரு பலகை இருக்கிறது. பத்தாம் வகுப்புப் பொதுத் தேர்வில் தொடர்ந்து ஒன்பது ஆண்டுகள் நூறு சதவீதத் தேர்ச்சி என்று எழுதியிருக்கும். அந்தப் பலகைக்குச் சட்டம் அடித்தவனே நான்தான். வருடாவருடம் எண்ணை மாற்றப் பெயின்டர் வருவார், நான் ஏணி பிடிப்பேன். அந்த நூறு எப்படி வருகிறது என்பதை டீச்சர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். தேர்வுக்கு இரண்டு மாதம் முன்பு, தேறாது என்று தோன்றுகிற பிள்ளைகளின் பட்டியல் ஒன்று போடுவார்கள். பெற்றோரை ஒவ்வொருவராக அழைத்து, "இந்த வருஷம் எழுத வேணாம், அடுத்த வருஷம் வெளியில இருந்து எழுதிக்கலாம்" என்று பக்குவமாகச் சொல்வார்கள். பெற்றவர் கையாலேயே கடிதம் வாங்கிக்கொள்வார்கள். தேர்வு எழுதாதவர் சதவீதத்தில் வர மாட்டார். "சல்லடையில நிக்கிறத மட்டும் எண்ணுனா யாருக்குத்தான் நூறு வராது?" என்று டீச்சர் கேட்டார்.

தலைமையாசிரியர் கெட்டவர் இல்லை. என்னிடம் மரியாதையாகப் பேசுவார். அவருக்கு ஒரே பயம்தான். "நூறு போச்சுன்னா அடுத்த வருஷம் சேர்க்கைக்கு ஆள் வராது டீச்சர். பள்ளிக்கூடமே இல்லன்னா நீங்க யாரக் கரை ஏத்துவீங்க?" என்று அவர் கேட்டதாக டீச்சர் சொன்னார். சொன்ன அன்று என் பட்டறையை ஒன்பது சுற்றுச் சுற்றினார்.

இந்த வருடம் வகுப்பில் நாற்பத்து மூன்று பேர். பட்டியலில் ஏழு பெயர். டீச்சர் ஒற்றைக் காலில் நின்றார், அதாவது நிற்காமல் ஓடினார். காலையில் ஒரு மணி நேரம், மாலையில் ஒரு மணி நேரம், ஞாயிற்றுக்கிழமையும் வகுப்பு. ஒவ்வொருவரின் தப்புக்கும் அப்பா அம்மாவைத் தேடி வீடு வீடாகப் போனார். ஒரு மாதத்தில் ஆறு பெயரை அடித்துவிட்டார்கள். ஏழாவது பெயர் அப்படியே நின்றது.

அது கண்ணாடிக்காரரின் மகள். அலுமினியச் சட்டமும் ஜன்னல் கண்ணாடியும் போடுகிறவர் அவர், எனக்கு இரண்டு தெரு தள்ளிக் கடை. கேட்டு வேலை எனக்கு வந்தால் ஜன்னல் வேலையை அவருக்குச் சொல்வேன், அவரும் அப்படியே. பெண் பேசவே பேசாது. மற்ற பாடங்களில் தட்டுத் தடுமாறித் தேறிவிடும். கணக்கில் மட்டும் பதினேழு, பதினெட்டு. தேற முப்பத்தைந்து வேண்டும்.

ஒரு மத்தியானம் டீச்சர் அந்தப் பெண்ணின் தாளை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "இதப் பாருங்க. எல்லார்கிட்டயும் காட்டிட்டேன். எங்க வீட்டுக்காரர் கூட உதட்டப் பிதுக்கிட்டாரு." ஐந்து, ஐந்து, ஒன்பது சென்டிமீட்டர் பக்கங்களில் முக்கோணம் வரையச் சொல்லியிருந்தது. அந்தப் பெண் அடியில் ஒரு கோடு இழுத்திருந்தாள். இரண்டு முனையிலிருந்தும் காம்பசால் வளைவு போட்டிருந்தாள். இரண்டு வளைவும் மேலே வெட்டிக்கொள்ளாமல், கோட்டின்மேலேயே போய் முட்டிக்கொண்டு நின்றன. முக்கோணம் தரையோடு தரையாகப் படுத்துக்கிடந்தது. கீழே, 'இந்த முக்கோணம் வராது' என்று எழுதி வைத்திருந்தாள். பக்கத்தில் டீச்சரின் பென்சில் சுழி.

எனக்கு முக்கோணம் தெரியாது. அளவு தெரியும். இடுப்பிலிருந்து டேப்பை உருவி அடிக்கோட்டை அளந்தேன்.

"டீச்சர், இது எட்டு."

"அதான் சொல்றேனே, தப்பா வரைஞ்சிருக்கா."

"இருங்க." அடுத்த கணக்கில் ஆறு கேட்டிருந்தது, ஐந்து இருந்தது. பத்து கேட்டிருந்த இடத்தில் ஒன்பது. பழைய தாள்களையும் எடுக்கச் சொன்னேன். பன்னிரண்டு கோடு அளந்தேன். பன்னிரண்டும் மயிரிழை பிசகாமல் ஒரு சென்டிமீட்டர் குறைவு.

"ஒண்ணு ரெண்டு கொறஞ்சா கவனக்குறைவு டீச்சர். பன்னெண்டும் ஒரே அளவு கொறஞ்சா அது கவனம்" என்றேன்.

டீச்சர் நடப்பதை நிறுத்தினார். நான் பார்த்து அதுதான் முதல் தடவை.

எங்கள் தொழிலில் டேப்பின் முனைக் கொக்கிதான் முதலில் கெடும். கீழே விழும், வளையும், ஆணி கழன்று ஆடும். அப்புறம் பூஜ்யத்தில் வைத்து அளந்தால் அளவு பொய் சொல்லும். அதனால் முதல் சென்டிமீட்டரை விட்டுவிட்டு, ஒன்று என்ற கோட்டில் வைத்துப் பிடிப்போம். மறுமுனையில் ஒன்று கூட்டி வெட்டுவோம். இரும்பு, மரம், கண்ணாடி எதுவானாலும் பாதிப் பேர் இப்படித்தான். என் டேப்பே அப்படித்தான். அதைக் காட்டினேன்.

சாயங்காலம் டீச்சர் பெண்ணைக் கூட்டி வந்தார். டேப்பை நீட்டி, "புடி தாயி, இந்தத் தகட அளக்கலாம்" என்றேன். யோசிக்கவே இல்லை. கட்டைவிரல் நேராக ஒன்றில் போய் உட்கார்ந்தது.

"ஏன் அங்க புடிக்கிற?"

"அப்பா அங்கதான் புடிக்கச் சொல்வாரு."

"சரி, ஒண்ணு கூட்டணுமே, அது யாரு?"

அவள் என்னை விநோதமாகப் பார்த்தாள். "அது அப்பா பக்கம். எனக்குத் தெரியாது."

ஏழு வயதிலிருந்து அவள் வேலை ஆரம்பத்தைப் பிடிப்பது. கூட்டுவது எல்லாம் மறுமுனையில், அப்பாவின் வாய்க்குள் நடந்திருக்கிறது. ஸ்கேலிலும் ஒன்றில் வைத்தாள். காம்பசை விரித்து அளவெடுக்கும்போதும் ஊசியை ஒன்றில் வைத்தாள். ஐந்து நான்காகி, ஒன்பது எட்டாகி, நான்கும் நான்கும் எட்டு. அவள் எழுதியது சரிதான், அந்த முக்கோணம் வராது.

"ரெண்டு வருஷமா நானே சுழி போட்டிருக்கேன்" என்றார் டீச்சர். அடுத்த நொடியே விரல் விட்டு எண்ண ஆரம்பித்துவிட்டார். வரைந்தும் அளந்தும் போடுகிற கணக்கு எத்தனை, அதற்கு எத்தனை மதிப்பெண் என்று. "இருவது! பட்டறைக்காரரே, இருவது மார்க்கு! பதினேழும் இருவதும் முப்பத்தேழு!" தெருவே திரும்பிப் பார்த்தது.

பிறகு மூன்று வாரம் அந்தப் பெண் என் பட்டறைத் தரையில்தான் படித்தாள். வேண்டாத தகட்டை விரித்துக் கொடுத்தேன். நாங்கள் இரும்பில் கோடு போடுகிற வெள்ளைக் கல்லால் முக்கோணம் முக்கோணமாகப் போட்டுத் தள்ளினாள். டீச்சர் தகட்டைச் சுற்றி நடந்துகொண்டே கணக்குச் சொல்வார். பூஜ்யத்தில் வைக்கச் சொன்னால் வைப்பாள். கொஞ்சம் அவசரப்படுத்தினால் விரல் ஒன்றுக்கு ஓடிவிடும். ஒரு வாரம் மல்லுக்கட்டினார்கள். டீச்சர் அதட்டினார், பெண் அழுதாள். ஏழு வயதில் பிடித்த இடத்தை மூன்று வாரத்தில் விடு என்றால் கை எப்படிக் கேட்கும்? எட்டாம் நாள் டீச்சர் சட்டென்று நின்றார். "விடும்மா. ஒண்ணுலயே புடி. உங்கப்பா நிக்கிற பக்கத்துக்கும் நீயே போ. அங்க போய் ஒண்ணு கூட்டு."

அன்றைக்கு ஐந்து, ஐந்து, ஒன்பது எழுந்து நின்றது. தட்டையான முக்கோணம்தான், கூரை மாதிரி. பெண் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் வெல்டிங் முகமூடியைப் போட்டுக்கொண்டேன். வெல்டிங் எதுவும் செய்யவில்லை.

இனி என் தப்பைச் சொல்ல வேண்டும். எனக்குத் தலைகால் புரியவில்லை. படித்தவர்களுக்குப் புரியாதது ஏழாம் கிளாசில் ஓடிவந்தவனுக்குப் புரிந்துவிட்டதே! டீக்கடையில் போய் அளந்துவிட்டேன். பத்துப் பேர் இருந்தார்கள். கதையை நேராகச் சொல்லியிருந்தால் தொல்லையில்லை. "டீச்சர் ரொம்ப நாளா தேடிட்டிருந்த தப்போட அப்பன் கெடச்சுட்டாருய்யா. நம்ம கண்ணாடிக்காரர்தான்!" என்று முடித்தேன். எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டு நாள் கழித்து டீச்சரும் நானும் கண்ணாடிக்காரர் கடைக்குப் போனோம். டீச்சர் நல்ல செய்தி சொல்லப் போகிற துள்ளலில் இருந்தார். உள்ளே நுழையும்போதே ஆரம்பித்துவிட்டார். இருபது மதிப்பெண், ஒன்றில் பிடிப்பது, மறுபக்கம் கூட்டுவது. அவர் கண்ணாடியை வெட்டிக்கொண்டே கேட்டார். கண்ணாடி கோட்டில் உடையாமல் குறுக்கே உடைந்தது. முப்பது வருடம் கண்ணாடி வெட்டுகிற கை.

"முடிஞ்சுதா டீச்சர்?" என்றார். "அப்ப எம்பொண்ணு மார்க்க இத்தன நாளா நாந்தான் தின்னுட்டிருந்தேன்னு சொல்ல வந்தீங்க."

"அய்யோ, அப்பிடி இல்லங்க. தப்புன்னா அதுக்கு ஒரு காரணம்..."

"தெரியுமே. அப்பா அம்மா. டீக்கடையில எல்லாருக்கும் தெரியுது." என்னைப் பார்த்தார். "நல்லாக் கண்டுபுடிச்சீங்கண்ணே. நேத்து ஒரு வீட்டுக்கு ஜன்னல் அளக்கப் போனேன். 'டேப்ப ஒழுங்காப் புடிங்க, உங்க பொண்ணு மாதிரி ஆயிரப் போகுது'ங்கறான் அந்த வீட்டுக்காரன்."

மறுநாள் அவர் பள்ளிக்கூடத்துக்குப் போய்த் தலைமையாசிரியரைப் பார்த்தார். மகள் இந்த வருடம் எழுதவில்லை என்று சொல்லிவிட்டு வந்தார். கடிதத்தைத் தேர்வு நாளன்று மத்தியானம் கொண்டுவந்து தருவதாகப் பேச்சு. அவள் தோற்றால் ஊர் தன் டேப்பைத்தான் பேசும் என்று மனைவியிடம் சொல்லியிருக்கிறார். இதை அவர் மனைவி டீச்சரிடம் சொல்லி அழுதிருக்கிறார். அதை டீச்சர் என்னிடம் சொன்னார். சொன்னபோது என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

இந்த வருடம் முதல் தேர்வே கணக்கு. கணக்குத் தேர்வன்று கணக்கு டீச்சர் வளாகத்துக்குள் இருக்கக் கூடாது, சட்டம் அப்படி. காலை எட்டு மணிக்கே டீச்சர் என் பட்டறைக்கு வந்துவிட்டார். ஏழு மணிக்குக் கண்ணாடிக்காரர் வேலைக்குக் கிளம்பிப் போனதும், அவர் மனைவி மகளைச் சீருடையில் கிளப்பி டீச்சரோடு அனுப்பிவிட்டார். வாசலில் பெண்ணை விட்டுவிட்டு, போக்கிடம் இல்லாமல் டீச்சர் எனக்கும் ஏர் கம்ப்ரசருக்கும் நடுவில் சுற்றினார். இரும்புத் துண்டுகளை எடுத்து அளவு வாரியாக அடுக்கினார். பிறகு கலைத்தார்.

"பத்து மணிக்கு மணி அடிக்கும். கேட்ட மூடிருவாங்க. கடுதாசி கைக்கு வராதவரைக்கும் அவள உக்கார விட்டுத்தான் ஆகணும். ஒரு தாளு எழுதிட்டா அவ கணக்குல வந்துருவா. அப்புறம் எந்தக் கொம்பனும் அவளக் கழிக்க முடியாது" என்றார். இதை நாலு தடவை சொன்னார். "தேறிருவாளா டீச்சர்?" என்று கேட்டேன். "தெரியாது. நூத்துக்கு நூறு தெரியாது. ஆனா அவ பேர் அங்க இருக்கணும்ல?" கேட்டைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

ஒன்பது நாற்பதுக்குத் தெருமுனையில் கண்ணாடிக்காரரின் வண்டி திரும்பியது. மனைவி வாயைக் கட்டிப்போட முடியவில்லை போலிருக்கிறது, இல்லை அவராகவே பாதியில் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாரோ என்னவோ. வேலைச் சட்டையோடு வந்துகொண்டிருந்தார். சட்டைப்பையில் மடித்த வெள்ளைத் தாள் துருத்திக்கொண்டு தெரிந்தது. முன்னால் ஒரு லாரி பின்னோக்கி வந்து அவரை மறித்திருந்தது. ஹாரன் அடித்துக்கொண்டிருந்தார்.

நான் தலையைக் குனிந்து வெல்டிங் கம்பியை மாட்டினேன். எனக்கு அவர் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. வேலை இருக்கிறவன் மாதிரி இருந்தால் அவர் என்னைக் கடந்து போய்விடுவார் என்று நினைத்தேன். டீச்சர் சுவரோரம் போய் மெயின் சுவிட்சை அணைத்தார். மெஷின் முனகலோடு அடங்கியது. என் கையிலிருந்த பிடியையும் முகமூடியையும் வாங்கி மேசைமேல் வைத்தார்.

"நீங்க அவர்கிட்ட ஒரு மன்னிப்பு கேக்கணும்னு சொல்லிட்டே இருந்தீங்கல்ல?"

நான் அப்படி ஒருநாளும் சொன்னதில்லை. மனசுக்குள் சொல்லிக்கொண்டிருந்தது உண்மை.

"இப்ப போய்க் கேளுங்க" என்றார். என் முழங்கையைப் பிடித்துச் சாலைப் பக்கம் தள்ளினார். "சுருக்கா முடிச்சுராதீங்க பட்டறைக்காரரே. இருவது நிமிஷம் வர்ற மாதிரி கேளுங்க."